மாதிரித் தலை எண் ஒன்று

“கத்தியைக் கீழ போடுங்க!”

ஒலிபெருக்கி அலறிய அலறலில் கோயில் கூரையில் இருந்த புறாக்கள் மொத்தமும் எழும்பிப் பறந்தன. முடிதிருத்தும் அர்ஜுனனின் கையிலிருந்த சவரக்கத்தி, யாரும் பிடுங்காமலே கீழே விழுந்தது. அவருக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்திருந்த தனேஸ்வரி திரும்பிப் பார்க்க முயன்றாள். நனைந்த கூந்தல் தொடை வரைக்கும் கனத்துக் கிடந்ததால் பாதிதான் திரும்ப முடிந்தது.

ஆத்தோரத் தோட்டத்து முருகன் கோயில் வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றுகொண்டிருந்தது. அதன் கதவில் ஒரு செம்பருத்திப் பூ, பூவுக்குள் ஒரு சீப்பு. கீழே ‘வட சிலாங்கூர் இயற்கைக் கூந்தல் மேம்பாட்டுக் கழகம்’ என்று எழுதியிருந்தது. வேனிலிருந்து கழகத்தின் களப்பணி அதிகாரி ரூபினி குதித்து இறங்கினாள். இருபத்தாறு வயது. டாக்டர்கள் குழாய் மாட்டுவதுபோல் கழுத்தில் ஓர் அளவு நாடா.

“அக்கா, எந்திரிங்க. இது கழகத்தோட முடி.”

“என் தலையிலதானே இருக்கு?” என்றாள் தனேஸ்வரி.

“அதனாலதான் உங்கள ஒண்ணும் சொல்லல. முடியை மட்டும் காப்பாத்திட்டுப் போயிடுவோம்.”

ரூபினி ஒரு கோப்பைத் திறந்து காட்டினாள். முதல் பக்கத்தில் தட்டச்சு செய்திருந்தது: ‘பொருள்: கூந்தல். நீளம்: நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர். நிலை: நன்று. தற்போது இருக்குமிடம்: தனேஸ்வரி.’

அர்ஜுனன் கத்தியைப் பொறுக்கித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். “தங்கச்சி, எனக்கு பெஸ்தாரி ஜெயாவுல கடை இருக்கு, லைசன் இருக்கு. முருகன் மன்னிச்சுருவாரு. இவங்க மன்னிக்க மாட்டாங்க லா.”

கோயில் தூணோரம் தடியை ஊன்றி நின்ற புவனேசன், தனேஸ்வரியின் கணவன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“அப்போ என் காலு?”

அதற்குக் கோப்பில் இடம் இல்லை.

போன செப்டம்பரில் செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரி வாய்க்கால் பக்கம் சாய்ந்ததில் புவனேசனின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இனிமேல் தடி இல்லாமல் நிற்பது சந்தேகம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அன்றைக்கே மருத்துவமனைப் படிக்கட்டில் நின்று தனேஸ்வரி முருகனிடம் பேசி முடித்துவிட்டாள். “இந்த மனுசனை சொந்தக் கால்ல நிக்க வையி. என் முடியை முழுசா எறக்குறேன்.” அவளிடம் இருந்ததிலேயே பெரிய பொருள் அதுதான்.

தைப்பொங்கலுக்குள் புவனேசன் தடியோடு நடக்கத் தொடங்கினான். தடி இல்லாமல் நடந்து காட்டினால்தான் மறுபடி லோரி சாவியைத் தருவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். தடி ஏன் இன்னும் போகவில்லை என்பதற்குப் புவனேசனிடம் தெளிவான விளக்கம் இருந்தது.

“முருகன் அவரு பங்கைச் செஞ்சிட்டாரு. மிச்சம் ஏன் நிக்குது? உன் பங்கு நிக்குது. முடி எறங்கட்டும், பாரு.”

ஒவ்வொரு காலையும் முழங்காலைத் தடவிவிட்டு, மனைவியின் தலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். அவள் தலையைப் பார்க்காமல் அவனால் காலைப் பற்றிப் பேச முடியவில்லை.

தனேஸ்வரியின் தலை எப்படிக் கழகத்தின் கைக்குப் போனது என்பதைச் சொல்ல நவம்பர் மாதத்துக்குப் போக வேண்டும்.

அந்த மாதம் தோட்டத்துப் பொதுமண்டபத்தில் ‘இயற்கை முறையில் கூந்தல் பராமரிப்பு’ என்று ஒரு குர்சுஸ், அதாவது ஒரு நாள் பயிற்சி, நடந்தது. மதியம் பிரியாணி உண்டு என்று கேள்விப்பட்டு, லயத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் எண்பது பேர் வந்தார்கள். ஈஜோக்கில் பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்த கையோடு தனேஸ்வரியும் வந்தாள்.

வாசலில் வரிசையாக நான்கு மேசைகள். முதல் மேசையில் வருகைக்குக் கையெழுத்து. இரண்டாவதில் பிரியாணிக்கு. மூன்றாவதில் பைக்கு. பைக்குள் ஒரு சீப்பு, ஒரு பொட்டலம் வெந்தயம், தலைவர் படம் போட்ட நாட்காட்டி. நான்காவது மேசையில் ஆறு பக்கத் தாளை நீட்டினார்கள். அது தண்ணீர் போத்தலுக்கு என்று நினைத்து தனேஸ்வரி கையெழுத்துப் போட்டாள். கணக்கு எழுதும் கிராணி தாளை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் என்னவென்று கேட்பது, தோட்டத்தில் நாலு தலைமுறையாக இருக்கும் பழக்கம். கிராணிகள் போய்விட்டார்கள். பழக்கம் போகவில்லை.

தண்ணீர் போத்தல் கடைசி வரை வரவில்லை.

கழகத்தின் தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய நல்லசாமி, மேடையேறினார். அடர்ந்த மீசை, அதைவிட அடர்ந்த குரல்.

“தாய்மார்களே! நமது கழகம் இரண்டாண்டு காலம் இரவு பகலாக ஆய்வு செய்தது. அந்த ஆய்வின் முடிவை முதன்முறையாக உங்களுக்கு வெளியிடுகிறேன். வெந்தயத்தை…” நிறுத்தி, மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “…ஊற வைக்க வேண்டும்!”

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மற்றப் பொறுப்பாளர்கள் பதினாறு பேரும் கைதட்டினார்கள்.

“ஊற வைத்தால் மட்டும் போதுமா? போதாது! அரைக்க வேண்டும்!”

மறுபடி கைதட்டல்.

தனேஸ்வரி பக்கத்தில் இருந்த இராஜம்மாவிடம், “ஊற வெக்காம எப்படிக்கா அரைப்பாங்க?” என்று கேட்டாள்.

“சும்மா இரு. பிரியாணி வரட்டும்.”

வெந்தயத்திலிருந்து டத்தோ செம்பருத்தி இலைக்குப் போனார். அதிலிருந்து கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய்க்கு. அதிலிருந்து சுங்கை புரோங் வயலில் விளைந்த அரிசி வடித்த கஞ்சிக்கு. கஞ்சியைத் தலையில் தேய்த்தால் முடி மினுங்கும் என்று படம் போட்டுக் காட்டினார். கடைசியாக, “இங்கே எத்தனை பேர் இதையெல்லாம் செய்கிறீர்கள்?” என்று கேட்டார்.

எண்பது பேரும் கையைத் தூக்கினார்கள். பிறந்ததிலிருந்து அதைத்தானே செய்கிறார்கள்.

டத்தோவின் கண்கள் கலங்கிவிட்டன. “பாருங்கள்! நான் பேச ஆரம்பித்து நாற்பது நிமிடம்தான் ஆகிறது. அதற்குள் எண்பது பேர் மாறியிருக்கிறார்கள்!”

செயலாளர் திருச்செல்வம் அதை எழுதிக்கொண்டார்.

கழகத்தின் படக்காரர் ஈஜோக் பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டதால் பிரியாணி முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். அதற்குள் குர்சுஸும் முடிந்திருந்தது. கூட்டத்திலேயே நீளமான முடி தனேஸ்வரியுடையது என்பதால் அவளை மேடையில் நிறுத்தி, முதுகுப் பக்கமாக ஒரு படம் எடுத்தார்கள். படத்தில் அவள் கூந்தலுக்கு இந்தப் பக்கம் டத்தோ, அந்தப் பக்கம் திருச்செல்வம். திட்டப் பாரத்தில், அதாவது படிவத்தில், இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் ‘முன்’. மற்றதில் ‘பின்’. குர்சுஸ் முடிந்த பிறகு எடுத்த படம் என்பதால் அது ‘பின்’ கட்டத்தில் ஒட்டப்பட்டது. ‘முன்’ காலியாக இருந்தது.

இப்படித்தான் அன்று தொடங்கிய மூன்றாண்டுத் திட்டத்தின் மாதிரிப் பயனாளி எண் ஒன்றாக தனேஸ்வரி ஆனாள். நான்காவது மேசையில் அவள் போட்டது, அந்த மூன்றாண்டுக்கும் முடியைக் கழகத்துக்கு எழுதிக் கொடுத்த கையெழுத்து. மாதிரிப் பயனாளி எண் இரண்டு கிடையாது.

அடுத்த வாரமே ரூபினி விதிமுறைகளோடு வந்தாள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது, புதன்கிழமை குளிக்க வேண்டும். ஏன் என்று தனேஸ்வரி கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை எனக்கு மீட்டிங் அக்கா.”

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்பருத்திச் செடியின் இலையைப் பறிக்கக் கூடாது. அந்தச் செடி கழகத்தில் பதிவு செய்யப்படவில்லை. பதிலுக்குக் கழகமே செம்பருத்திப் பொடி கொடுத்தது. எந்தக் காலத்துப் பொடியோ, இரண்டு வாரத்தில் தனேஸ்வரிக்குத் தலை முழுவதும் அரித்தது. பொடுகு கொட்டியது. தொழிற்சாலையில் தலைவலைக்குள் விரல் விட்டுச் சொறிந்து மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினாள். ரூபினியிடம் சொன்னாள். ரூபினி கோப்பில், ‘உச்சந்தலை திட்டத்துக்கு உடனடியாகப் பதிலளிக்கிறது’ என்று எழுதிக்கொண்டாள்.

தனேஸ்வரி இருட்டின பிறகு கொல்லைப்புறம் போய், தன் சொந்தச் செடியிலிருந்தே இலையைத் திருடி அரைத்துத் தேய்த்து அரிப்பை ஆற்றிக்கொண்டாள். அடுத்த மாதம் செடிக்கு ஒரு பலகை மாட்டப்பட்டது: ‘ஆய்வில் உள்ளது. தொடாதீர்.’

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். தை பிறக்கட்டும், முடியை இறக்கிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தாள். ஆனால் முடி இறக்குபவர்கள் பட்டியலைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது வழக்கம். யாரோ அதைப் படம் எடுத்து வாட்சாப்பில் போட்டார்கள். மாசி மாத வெள்ளிக்கிழமை வேன் வந்து சேர்ந்தது.

வேன் வந்துபோன பிறகு வந்த திங்கட்கிழமை தனேஸ்வரி விடுப்பு எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிக் கோலசிலாங்கூருக்குப் போனாள். கழகத்தின் அலுவலகம் ஒரு கடை வரிசையின் இரண்டாவது மாடியில் இருந்தது. திருச்செல்வம் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவளுக்காக இல்லை. அவள் நாற்காலியில் சாயும்போது கூந்தல் நசுங்காமல் இருக்க ஒரு துண்டு விரிப்பதற்காக.

“முடி விடுவிப்பு விண்ணப்பமா? இருக்கே. முழுத் தலையா, பகுதித் தலையா?”

“முழுசா.”

“காரணம்?”

“வேண்டுதல்ங்க. வீட்டுக்காரரு காலுக்காக வேண்டிக்கிட்டேன்.”

“நல்லது. ஆதாரம்?”

“சாமிகிட்ட வேண்டிக்கிட்டதுக்கு என்னங்க ஆதாரம்?”

“சாட்சி யாராவது இருக்கணுமில்ல? வேண்டிக்கிட்டப்போ யாரு கூட இருந்தாங்க?”

தனேஸ்வரி யோசித்தாள். “முருகன்தான்.”

திருச்செல்வம் கணினி விசைப்பலகையை இழுத்தார். “சாட்சியோட பேரு, முருகன். அப்பா பேரு?”

“சிவன்.”

“ஐசி நம்பர்?”

அவர் விளையாடவில்லை. அடையாள அட்டை எண்ணுக்கான கட்டத்தை நிரப்பாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. கால் மணி நேரம் இருவரும் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், சாட்சி விவரம் முழுமையாக இல்லை என்று விண்ணப்பம் செயற்குழுவுக்கு அனுப்பப்பட்டது.

செயற்குழு இரண்டு வாரம் கழித்துக் கூடியது. நீள மேசையைச் சுற்றிப் பதினேழு பேர். மேசையின் கடைசியில் தனேஸ்வரி. அவளுக்குப் பின்னால் புவனேசன். நாற்காலி பதினெட்டுதான் இருந்ததால் அவன் தடியோடு நின்றான். பத்து நிமிடத்தில் கால் நடுங்கி, சுவரில் சாய்ந்துகொண்டான்.

டத்தோ நல்லசாமி தொண்டையைச் செருமினார்.

“நான் தனிப்பட்ட முறையில் முருக பக்தன். ஆண்டுதோறும் காவடி எடுக்கிறவர்களுக்கு மோர் கொடுக்கிறவன். ஆனால் தலைவர் என்ற முறையில் இன்று முருகனை எதிர்க்க வேண்டிய நிலையில் இருக்கிறேன். அம்மா, உங்கள் தலையில் இருப்பது முடி என்று நினைக்கிறீர்கள். இல்லை. ஒரு தலைவர் இருக்கிறார். இரண்டு துணைத் தலைவர்கள் இருக்கிறார்கள். ஒரு செயலாளர், ஒரு துணைச் செயலாளர், பன்னிரண்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இத்தனை பேரையும் நீங்கள் மழிக்கப் பார்க்கிறீர்கள்!”

பதினேழு பேரும் தங்களை அறியாமலே தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

“வேற யாரையாச்சும் வெச்சுக்குங்களேன் டத்தோ,” என்றாள் தனேஸ்வரி. “எங்க லயத்துல எல்லாருக்கும் நல்ல முடிதான். இராஜம்மா அக்காவுக்கு என்ன கொறைச்சல்?”

திருச்செல்வம் குறுக்கிட்டார். “ரெண்டு வருசத்துல ஒரு பயனாளியைத்தான் தேர்வு செய்ய முடிஞ்சிருக்கு. பொறுப்பாளருங்க தேர்வுக்கே ஒன்றரை வருசம் ஆயிடுச்சு.”

ஒரு துணைத் தலைவர் சமாதானமாகப் பேசினார். “அம்மா, பூமுடி குடுத்துருங்களேன். சாமிக்கு நுனியில மூணு அங்குலம். நாங்க அதைத் தேய்மானம்னு எழுதிக்கிறோம். ரெண்டு பக்கமும் திருப்தி.”

“முழுசான்னு சொல்லி வேண்டிக்கிட்டேன்ங்க.”

“முருகன்கிட்ட எழுதிக் குடுத்தீங்களா?”

“இல்ல.”

“எங்ககிட்ட?”

“எழுதிக் குடுத்திட்டேன்.”

“அப்புறம் என்னம்மா கொழப்பம்?” துணைத் தலைவர் இரண்டு கையையும் விரித்தார்.

அடுத்து திருச்செல்வம் ஒரு கவலையைச் சொன்னார். ‘முன்’ படம் எங்கே என்று, திட்டத்துக்குப் பணம் தரும் தலைமையகத்திலிருந்து மூன்றாவது தடவையாகக் கடிதம் வந்திருந்தது. ‘முன்’ படம் இல்லாமல் ‘பின்’ படத்தை ஏற்க முடியாதாம்.

டத்தோ தனேஸ்வரியைப் பார்த்தார். “அம்மா, வீட்டில் பழைய படம் ஏதாவது இருக்குமா? முடி உதிர்ந்து, வறண்டு, பார்க்கவே பாவமாக இருந்த காலத்துப் படம்?”

“அப்படி ஒரு காலம் இல்லீங்களே. கல்யாணப் படத்துலயும் இதே முடிதான். ஸ்கூல் படத்துலயும் இதே முடிதான்.”

“நோய் கீய் வந்தபோது?”

“அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு.”

டத்தோ வருத்தத்தோடு தலையை ஆட்டினார். மற்றப் பதினாறு பேரும் ஆட்டினார்கள். ஒரு பெண்ணுக்கு வாழ்க்கையில் ஒருமுறைகூட முடி கொட்டவில்லை என்பதற்காக அத்தனை பேர் துக்கப்பட்டதை தனேஸ்வரி அன்றுதான் பார்த்தாள்.

கூட்டத்தின் முடிவில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. மாதிரிப் பயனாளியின் காணிக்கைக்குத் திட்டம் முடியும் வரை, அதாவது இன்னும் இரண்டரை ஆண்டுகள், அவகாசம் கேட்டு முருகப்பெருமானுக்குக் கழகத்தின் சார்பில் கடிதம் எழுதப்படும். பதினான்கு நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதல் என்று கருதப்படும்.

கடிதத்தை ரூபினி கோயில் கதவில் ஒட்டினாள். பதினைந்தாவது நாள் அவளே வந்து, கடிதத்தின் கீழே ‘ஒப்புதல் பெறப்பட்டது’ என்று முத்திரை குத்திவிட்டுப் போனாள்.

அன்றைக்குப் புவனேசன் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. “ரெண்டரை வருசமா? அதுவரைக்கும் தடியா? முதலாளி வேற ஆளுக்கு லோரியைக் குடுத்துருவாரு, தனே.”

“பங்குனி உத்திரத்துக்குள்ள எறக்கிடுறேன். எந்தக் கடையிலயாவது கத்தி இல்லாமயா போகும்? கோயில்ல வந்து அர்ச்சனை மட்டும் பண்ணிக்கிடலாம்.”

“நான் வழிச்சு விடுறேன். என்கிட்ட கத்தி இருக்கு.”

“பத்து நிமிசம் நிக்க முடியாத ஆளு கையில கத்தியா? கழுத்துல எறக்கிடப் போறீங்க.”

அவள் முதலில் தஞ்சோங் காராங்குக்குப் போனாள். கடைக்காரர் சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். கழகம் வடக்குச் சிலாங்கூரில் இருக்கும் எல்லா முடிதிருத்தும் கடைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. மேடையில் முதுகுப் பக்கமாக எடுத்த அதே படம். உலு யாமிலும் அதே படம். கடைசியாக இரண்டு பஸ் மாறி சுங்கை சோவுக்குப் போனாள். கொண்டையை இறுக்கிக் கட்டி, முக்காடு போட்டு, குரலை மாற்றிப் பேசினாள். கடைக்காரர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. சந்தேகத்தோடு சொன்னார்.

“கொஞ்சம் திரும்புங்கம்மா.”

திரும்பினாள். அவர் தொலைபேசியை எடுத்தார்.

வேன் அவளை வீட்டில் கொண்டுவந்து இறக்கியது. வழியெல்லாம் ரூபினி அவள் கூந்தலுக்கு சீட் பெல்ட் மாட்டியிருந்தாள். அன்று முதல் வேன் லயத்து வாசலிலேயே நின்றது. தனேஸ்வரி வேலைக்குப் போனால் வேன் பின்னால் போகும். கோயிலுக்குப் போனால் வேன் முன்னால் போய் நிற்கும். வீட்டுக்குள் கத்தரிக்கோல் சத்தம் கேட்டால் ரூபினி கதவைத் தட்டுவாள். ஒருநாள் அது இராஜம்மாவின் பிளவுஸ் துணி என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

“ஏம்மா ரூபினி, உனக்கே இது அசிங்கமா இல்ல?” என்று இராஜம்மா கேட்டாள்.

“என்ன ஆன்ட்டி செய்யறது? டிகிரி முடிச்சு மூணு வருசம் கழிச்சுக் கெடைச்ச வேலை. அக்கா முடி போனா என் வேலையும் போயிடும் லா.”

இராஜம்மா அடுப்பில் தண்ணீர் வைத்தாள். வேனுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பங்குனி உத்திரம் வந்தது. தோட்டத்தில் திருவிழா என்றால் முதலில் பொன்னாடை, பிறகு பேச்சு, பிறகுதான் அன்னதானம். அந்த வருடம் கழகத்தின் பதினேழு பொறுப்பாளர்களுக்கும் பொன்னாடை. கோயில் முன்னால் பந்தல் போட்டு, இரண்டு வரிசை நாற்காலி போட்டு எல்லோரும் மேடையில் உட்கார்ந்தார்கள். தனேஸ்வரியைக் கண்ணில் வைத்துக்கொள்ள ரூபினிக்கும் மேடை ஓரத்தில் ஒரு நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் கோயில் பக்கவாட்டுக் குழாயடி நன்றாகத் தெரியும்.

குழாயடியில் அர்ஜுனன் குழந்தைகளுக்கு மொட்டை போட்டுக்கொண்டிருந்தார். தனேஸ்வரி அவர் முன்னால் போய் நின்றாள். அவர் அவளைப் பார்க்காமலே கைகளைக் கழுவினார்.

“தங்கச்சி, நான் உனக்குக் கத்தி வெக்க மாட்டேன். எனக்குக் கடை முக்கியம்.” துண்டால் கையைத் துடைத்தார். “நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வரேன். ஒரு மணி நேரம் ஆவும். கத்தி இங்கதான் இருக்கும். பிளேடு புதுசு.”

போய்விட்டார்.

தனேஸ்வரி கத்தியைப் பார்த்தாள். புவனேசனைப் பார்த்தாள். புவனேசன் தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தான்.

“நிக்க முடியுமா?”

“உக்காரு பேசாம.”

அவள் சந்நிதியைப் பார்த்துப் பலகையில் உட்கார்ந்தாள். தலையில் தண்ணீர் ஊற்றினான். முதல் கீற்று விழுந்தபோது மேடையில் ரூபினி துள்ளி எழுந்தாள். அதே நொடியில் டத்தோ நல்லசாமி மைக்கைப் பிடித்து, “அன்பார்ந்த தோட்ட மக்களே!” என்றார்.

திருச்செல்வம் ரூபினியின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “டத்தோ பேசிக்கிட்டிருக்காரு!”

“சார், அங்க பாருங்க சார்! முடி!”

“போன வருசம் பாதிப் பேச்சுல கழிவறைக்குப் போனவரு இப்ப எந்தக் குழுவுலயும் இல்ல. உக்காரு.”

மற்றப் பதினாறு பொறுப்பாளர்களும் அதைப் பார்த்தார்கள். பதினாறு பேரும் பொன்னாடையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். டத்தோவுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. பேசும்போது அவர் வானத்தைத்தான் பார்ப்பார்.

“முடி என்பது என்ன?” என்று ஒலிபெருக்கி கேட்டது.

புவனேசன் ஒரு பிடியை வழித்துக் கீழே போட்டான்.

“முடி என்பது ஒரு சமுதாயத்தின் முகவரி! அதை நாம் காக்க வேண்டும்! கண்ணுக்குள் வைத்துக் காக்க வேண்டும்!”

இன்னொரு பிடி விழுந்தது. காதோரம் லேசாகக் கீறிவிட்டது.

“வலிக்குதா?”

“நீங்க நில்லுங்க. அது போதும்.”

டத்தோ வெந்தயத்துக்கு வந்தார். உச்சி மொட்டையானது. செம்பருத்திக்கு வந்தார். பின்னந்தலை மொட்டையானது. சுங்கை புரோங் கஞ்சிக்கு வந்தபோது கடைசிக் கற்றையும் கீழே விழுந்தது. ரூபினி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறுகையால் அளவு நாடாவை இறுக்கிப் பிடித்திருந்தாள். அன்னதான வரிசையில் நின்ற கூட்டம் மேடையை விட்டுக் குழாயடியைப் பார்க்கத் திரும்பிவிட்டது.

பேச்சு ஒரு மணி பத்து நிமிடம் நீடித்தது. புவனேசன் கத்தியைக் கழுவினான். ஈரத் தலையில் சந்தனத்தைக் குழைத்துப் பூசினான். சூடம் ஏற்றக் குனிந்தபோதுதான் தடி நினைவுக்கு வந்தது. பார்த்தான். அது பத்தடி தள்ளிச் சுவரில் சாய்ந்திருந்தது. ஒரு மணி பத்து நிமிடமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

“தனே.”

“ம்.”

“நான் நின்னுக்கிட்டிருக்கேன் பாரு.”

அவள் நிமிர்ந்து அவன் காலைப் பார்த்தாள். அப்புறம் சந்நிதியைப் பார்த்தாள். தலை காற்றைப்போல லேசாக இருந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு முழுதாக வந்தது.

மேடையில் டத்தோ வானத்திலிருந்து இறங்கினார். “இப்போது நமது திட்டத்தின் மாபெரும் வெற்றி, மாதிரிப் பயனாளி எண் ஒன்று, திருமதி தனேஸ்வரி அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்!”

கூட்டம் வழிவிட்டது. தனேஸ்வரி நேராக மேடையேறி, பளபளக்கும் சந்தனத் தலையோடு டத்தோ முன்னால் நின்றாள். இந்த நேரத்துக்காக ஒரு வாக்கியத்தை ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

“சாமிக்குக் குடுத்துட்டேன் டத்தோ. இனிமே உங்க பொருள் எங்கிட்ட ஒண்ணும் இல்ல. என்னை விட்டுருங்க.”

பதினேழு பொன்னாடைகளில் ஒன்றுகூட அசையவில்லை. திருச்செல்வம் கண்ணை மூடிக்கொண்டார். ரூபினி அழ ஆரம்பித்தாள். டத்தோ நல்லசாமி வாயைத் திறந்தபடி அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் முகம் வெளுத்தது. பிறகு மெல்ல, மிக மெல்ல, மேகம் விலகுவதுபோல் முகம் தெளிந்தது. கண்களில் பழைய ஈரம் வந்தது. மைக்கை அணைக்க மறந்து, அவளுடைய தோளை அன்போடு பிடித்து, படக்காரர் இருந்த பக்கம் திருப்பி நிறுத்தினார்.

“அந்தச் சந்தனத்தை மட்டும் கொஞ்சம் தொடைச்சிடுங்கம்மா… யோவ் திருச்செல்வம், கண்ணைத் தொறந்து பாருய்யா, அஞ்சு மாசமா நாம தேடுன ‘முன்’ படம் நடந்தே வந்து நிக்குது!”